பெல்ட் வேண்டாம் என்றவர்

எங்கள் ஜிம்முக்குப் புதிதாக வருகிற பெண்கள் முதல் வாரம் ட்ரெட்மில்லில் நடப்பார்கள். இரண்டாம் வாரம் சின்ன டம்பெல்லைத் தூக்குவார்கள். மூன்றாம் வாரம் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க இடுப்புல கட்டியிருக்கீங்களே இந்த பெல்ட்டு, இதை நாங்களும் போடணுமா?" என்று கேட்பார்கள். அங்கே பெல்ட்டோடு நடமாடுகிற ஒரே பொம்பளை நான் என்பதால் கேள்வி என்னிடம்தான் வரும். முன்பெல்லாம் உட்கார வைத்துப் பிரசங்கமே செய்வேன். இப்போது, "கோச்சைக் கேட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறேன். இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும். வந்துவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது.

வேலை என்றால் தையல். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. இருபத்தாறு வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். மிஷினில் குனிந்து குனிந்து முதுகில் ஒரு தட்டு விலகி, படுத்தால் எழுந்திருக்க முடியாமல் போய், கடைசியில் டாக்டர் ஒரு பெல்ட்டைக் கொடுத்து, உடற்பயிற்சியும் செய்யச் சொன்னார். அப்படித்தான் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற அந்த ஜிம்மில், காலை பத்தரை மணிப் பெண்கள் பேட்ச்சில் சேர்ந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் மகளே சொல்லுவாள். அதிலும் என் தையலைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டேன். "ரவிக்கை பிடிக்குது, சின்னதா தைச்சிட்டீங்க" என்று யாராவது வந்தால் அளவு நோட்டைப் பிரிப்பேன். டேப்பை எடுத்து அங்கேயே அளப்பேன். "ரவிக்கை சுருங்கலைங்க, நீங்கதான் ரெண்டு இஞ்ச் பெருத்திருக்கீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இருந்தது என்றுதான் இப்போது சொல்ல வேண்டும்.

அவர் வந்து சேர்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐம்பது வயசு இருக்கும், என்னைவிட மூன்று வயசு மூத்தவர். ஒல்லியான உடம்பு. சுடிதார் மேல் துப்பட்டாவைக் குறுக்காக இழுத்து இடுப்பில் முடிந்திருந்தார். எங்கள் கோச், பொன்மலைப் பக்கத்துப் பெண், எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டாள்.

"எத்தனை கிலோ குறைக்கணும் அக்கா?"

"குறைக்கிறதுக்கு என்ன இருக்கு? ஐம்பது கிலோ தூக்கணும்."

சுற்றி இருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். அதில் ஒரு முடிச்சு போட்டிருந்தது. "தரையிலேருந்து இந்த முடிச்சு வரைக்கும் உயரம். இந்த உயரத்துலேருந்து தூக்குற மாதிரி கத்துக்குடு. கீழேருந்து தூக்குறது எனக்கு அவ்வளவா தேவையில்ல" என்றார். கோச் ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் இரும்புத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பக்கமும் அடுக்கி, அந்த முடிச்சு உயரத்துக்கு, பார் என்கிற இரும்புக் கம்பியை வைத்துக் கொடுத்தாள். அது அவர் வீட்டுக் கட்டிலின் உயரம் என்று பிறகுதான் தெரிந்தது.

வெறும் பாரில் தொடங்கினார். பாரே இருபது கிலோ. இரண்டு மாதத்தில் முப்பத்தைந்து ஏற்றிவிட்டார். அந்த எடைக்கு வந்ததும் கோச் ஒரு தோல் பெல்ட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். அவர் அதைத் தொடவே இல்லை.

"எனக்கு வேண்டாம்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அக்கா, என் கதையைப் பாருங்க. முதுகு போனப்புறம் கட்டிட்டு அலையறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன பிரயோஜனம்? இப்பவே கட்டிக்கங்க" என்றேன்.

"நீ தைக்கிறப்ப மிஷின் உன்னை அவசரப்படுத்துமா?"

"இல்ல."

"என்னை அவசரப்படுத்துவான். 'அம்மா'ன்னு ஒரு குரல் வரும். அப்ப பெல்ட்டு எங்க, கொக்கி எங்கன்னு தேடிட்டு நிப்பேனா? என்ன இருக்கோ அதை வச்சுத் தூக்கப் பழகிக்கணும்."

யார் கூப்பிடுவார், எதற்குத் தூக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன். கோச்தான் சமாதானம் சொன்னாள்: "பெல்ட்டு முதுகைத் தாங்குதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படியில்ல அக்கா. மூச்சை இழுத்து வயித்துல பிடிக்கிறோம் பாருங்க, அதுதான் முதுகைத் தாங்குது. பெல்ட்டு, அந்த வயிறு முட்டிக்கிறதுக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். மூச்சைப் பிடிக்கத் தெரிஞ்சா இந்த எடைக்கு இல்லாமலும் தூக்கலாம்." அன்றிலிருந்து அவர் மூச்சைப் பிடிக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, கண்ணை ஒரு இடத்தில் நிறுத்தி, மூச்சை உள்ளே இழுத்து, அப்படியே பூட்டி வைப்பார். பூட்டிய பிறகுதான் தூக்குவார். ஒரு நாளும் அரைகுறையாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

ஜிம்மில் இப்படி என்றால் வெளியே அவர் நேர் எதிர். ஒரு துரும்பைத் தூக்க மாட்டார். இரண்டு கிலோ புளி வாங்கினாலும் கடைக்காரரிடம், "வீட்ல கொண்டாந்து குடுத்துடுங்க" என்பார். தெருவில் தண்ணீர் லாரி வந்து எல்லாரும் குடத்தோடு ஓடினால், அவர் கைப்பிடி வாளியில் கால் வாளி பிடித்துக்கொண்டு பத்துத் தடவை நடப்பார். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒருமுறை நானும் அவரும் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு பஸ் வந்தது, பின் சீட்டுதான் காலி. ஏறவில்லை. அடுத்ததிலும் பின் சீட்டு. ஏறவில்லை. "பின்னாடி உட்கார்ந்தா தூக்கித் தூக்கிப் போடும்மா, முதுகுக்கு ஆகாது" என்று நான்கு பஸ்ஸை விட்டுவிட்டு, ஐந்தாவதில் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். வெயிலில் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல!

கோயிலிலும் அப்படித்தான். கொடிமரத்துக்கு முன்னால் எல்லாரும் விழுந்து சேவிக்கும்போது இவர் மட்டும் கையைக் கூப்பிக்கொண்டு நெட்டுக்குத்தாக நிற்பார். பக்கத்தில் இருந்த மாமி ஒருத்தி, "ஏன், பெருமாளுக்கு முன்னாடி குனியப்படாதா?" என்று கேட்டே விட்டாள். "அவருக்குத் தெரியும் மாமி" என்று மட்டும் சொன்னார். தெருவில் அவருக்கு 'மகாராணி' என்று பெயர். உண்மையைச் சொன்னால் அந்தப் பெயரை நானும் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் சண்டை என் பேத்தியால் வந்தது. என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். குழந்தைக்கு நாலு மாசம். கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவர் ரவிக்கை வாங்க வந்தார். நான் ஆசையாக, "ஒரு நிமிஷம் பிடிங்கக்கா, பாலைக் கலந்துட்டு வரேன்" என்று குழந்தையை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினார். குழந்தையை நீட்டிய கை நீட்டியபடியே நிற்கிறது. எனக்கு எப்படி இருக்கும்?

"ஏங்க, ஆறு கிலோ பிள்ளை, உங்க முதுகை முறிச்சிடுமா? இரும்பைத் தூக்குறீங்க, பச்சப் பிள்ளையைத் தூக்க மாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "குழந்தை துள்ளும்மா. பிடிக்கப் போயி எசகுபிசகா ஒரு பக்கம் சுளுக்கிச்சுன்னா அப்புறம் நான் என்ன பண்ணுவேன்? இது என் முதுகு இல்லம்மா, சீனுவோடது. நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து பாரு. பார்த்துட்டு அப்புறம் திட்டு" என்று சொல்லிவிட்டு ரவிக்கையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

போனேன்.

சீனு அவருடைய மகன். இருபத்துமூன்று வயசு. நாலு வயசு வரைக்கும் ஓடியாடிய பிள்ளை. அதற்கப்புறம் தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற வியாதி வந்து, பத்து வயசில் நடை நின்றுவிட்டது. நான் பார்த்தபோது கழுத்தும் விரல்களும் வாயும்தான் அவன் சொன்னபடி கேட்டன. அந்த விரல்களை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பான். எனக்கு முன்னால் அவனே பேசினான்.

"வாங்க ஆன்ட்டி. அம்மா தூக்குற வெயிட்டைப் பார்க்க வந்தீங்களா? நான்தான் அது."

அவர் கணவருக்கு ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டு வேலை. நல்ல மனுஷன், ஆனால் வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார். போதாததற்கு அவருக்கு வயிற்றில் குடலிறக்க ஆபரேஷன் வேறு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பவும் கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை சீனுவைத் தூக்க வேண்டும். எல்லாம் இவர்தான். அன்றைக்கு என் கண் முன்னால் தூக்கினார். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, அவன் முதுகுக்கு அடியில் ஒரு கை, தொடைக்கு அடியில் ஒரு கை கொடுத்து, மூச்சைப் பூட்டி, அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கினார். ஜிம்மில் பார்த்த அதே ஆள், அதே மூச்சு. நாற்காலியில் இறக்கிவிட்டு, "மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை பிடிச்சுக்கிச்சு. பத்து நாள் நான் படுத்துட்டேன். அவனும் பத்து நாள் படுக்கையிலேயே கிடந்தான். முதுகெல்லாம் புண்ணு. அதுக்கப்புறம்தான் இந்த முதுகை இப்படிக் காப்பாத்திட்டு வரேன்" என்றார். எனக்கு முந்தின நாள் கத்தியதை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கக்கூட வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மாசம் முதல் தேதி சீனுவுக்கு எடை பார்ப்பார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு இவர் எடை மிஷினில் ஏறி நிற்பார். குனிந்து படிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. வந்த எண்ணில் இவர் எடையைக் கழிக்க வேண்டும். அந்த மாதம் சீனு எவ்வளவோ அவ்வளவுதான் ஜிம்மில் இவருடைய பாரிலும். சீனு ஐம்பத்தொரு கிலோ வந்தபோது ஐம்பதுக்குத் தட்டுப் போட்டுவிட்டு, மீதி ஒரு கிலோவுக்கு இரண்டு பக்கமும் அரைக் கிலோ ரவைப் பாக்கெட்டைக் கட்டித் தூக்கினார். கோச் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவன் ஏற ஏற நானும் ஏறணும்" என்பார். அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான். பிள்ளை கனத்துக்கொண்டே போய், தன் முதுகு ஒரு நாள் முடியாது என்று சொல்லிவிடுமோ என்ற பயம்.

அந்தச் சமயத்தில் ஒரே ஒரு நாள் என் வற்புறுத்தலுக்காக பெல்ட் கட்டிப் பார்த்தார். ஐம்பத்தொன்று பூப்போல வந்தது. கோச் உற்சாகமாகி ஐம்பத்தைந்து போட்டாள். அதுவும் வந்தது. அவர் பாரை இறக்கி வைத்துவிட்டு, முகம் வெளுத்துப் போய் பெல்ட்டை அவிழ்த்தார்.

"இதைக் கட்டிட்டா எனக்கு எவ்வளவு முடியும்னு எனக்கே தெரியாம போயிடுது. இல்லாதப்ப ஏமாந்துடுவேன். நீயே வச்சுக்கம்மா."

"சரி, உங்களுக்கு வேண்டாம். அப்ப யாருக்குத்தான் பெல்ட்டு?" என்று சலித்துக்கொண்டேன்.

பெல்ட்டை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "சீனுவுக்குத் தைச்சுக் குடேன். அவன் இடுப்புல கட்டுற மாதிரி, பக்கத்துக்கு ரெண்டு பிடி வச்சு. பிடிச்சுத் தூக்க வாகா இருக்கும்ல? அவரு வீட்ல இருக்கறப்ப அவரும் ஒரு பக்கம் பிடிப்பாரு."

அடடா, இது எனக்குத் தோன்றவில்லையே! பெரிய கடை வீதிக்குப் போய் கித்தான் துணியும், ஸ்கூல் பைக்குப் போடுகிற நாடாவும், கொக்கிகளும் வாங்கி வந்தேன். உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்தேன். சீனுவின் இடுப்பை அளந்தேன், முப்பத்திரண்டு. நோட்டில் எழுதிக்கொண்டேன். நாடாவுக்கு நாலு வரிசைத் தையல் போட்டேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு துணியை அவ்வளவு கவனமாக நான் தைத்ததில்லை. சீனு அதைக் கட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, இப்ப நான் கைப்பிடி வச்ச பார்சல்" என்றான். அம்மாவும் மகனும் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

மூன்று மாதம் ஓடியது. மகள் புகுந்த வீட்டுக்குத் திரும்பிய அலைச்சலில் எடை பார்க்க நான் போகவில்லை. பாரில் ஐம்பத்தொன்றே இருந்ததால் நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் பெல்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"கித்தான் தளர்ந்துடுச்சும்மா. நழுவுது. கொஞ்சம் பிடிச்சுக் குடு."

கித்தான் தளராது. எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் பேசாமல் ஓர் அங்குலம் பிடித்துக் கொடுத்தேன். இருபது நாள் கழித்துத் திரும்ப வந்தார். "தையல் விட்டிருக்கு போல. மறுபடி நழுவுது. பஞ்சு அமுங்கியிருக்குமோ என்னவோ. உன் தையல் இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லம்மா" என்றார். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். போதாதா எனக்கு? டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு, அவரோடு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் என் தையலின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனேன். "இப்ப எதுக்கும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாசலில் ஒரு தடவை சொன்னார். நான் கேட்டால்தானே.

சீனு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டேன். நோட்டைப் பிரித்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பாருங்க. தைக்கிறப்ப முப்பத்திரண்டு. இப்ப இருபத்தெட்டு. என் தையல் எங்க விட்டிருக்கு? தையல் தளரலைங்க, புள்ளைதான் இளைச்சிருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீனுதான் அந்த நிமிஷத்திலும் என்னைக் காப்பாற்றினான். "விடுங்க ஆன்ட்டி, எனக்கு டயட் நல்லா வேலை செய்யுது" என்றான். அவன் குரலே மெலிந்திருப்பது அப்போதுதான் என் மண்டைக்கு ஏறியது. சாப்பாடு இறங்கவில்லை, விழுங்க முடியவில்லை, கஞ்சியும் பழச்சாறுமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவர் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காதவள், அளந்தேன்.

"நோட்டை மூடும்மா" என்றார் அவர்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சின்ன வயசிலிருந்து என்னை எத்தனை பேர் திட்டியிருப்பார்கள். புத்தி வந்ததா? அன்றைக்குக் கடைக்குத் திரும்பி, மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அந்த டேப்பால் அதற்கப்புறம் அளக்கவே முடியவில்லை, வேறு வாங்கினேன்.

ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. ஜிம்முக்கு மட்டும் தவறாமல் வந்தார். ரவைப் பாக்கெட்டுகள் உள்பட அதே ஐம்பத்தொரு கிலோ. கோச் என் காதோரமாக, "அக்கா, மூணு நாலு மாசமா எடையே சொல்ல மாட்டேங்கறாங்க. 'போன தடவை போட்டதையே போடு'ன்னுதான் சொல்றாங்க" என்றாள். நான் ட்ரெட்மில்லில் நின்றுகொண்டு பார்ப்பேன். பாரை நிமிர்த்தித் தூக்கி, அப்படியே கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். முன்பெல்லாம் உடனே இறக்கிவிடுவார். இப்போது இறக்க மனசில்லாமல் நிற்பார். எனக்குப் பார்க்கத் தாங்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் ஜிம்மிலும் ஆளைக் காணவில்லை. விசாரித்தால், சீனுவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டி, திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். பஸ் ஏறிப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கான்க்கா?"

"குழாய் வச்சிருக்காங்க. தூக்க, திருப்ப எல்லாத்துக்கும் ஆள் இருக்கும்மா. படுக்கை விரிப்போட சேர்த்து நாலு பேரு தூக்குறாங்க. என்னைத் தொட விட மாட்டேங்கறாங்க." அப்புறம், "முதுகு வலிக்குதும்மா" என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. "தூக்காம வலிக்குது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, அன்னைக்கு நான் அளந்தது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

"நீ அளந்தது சரிதானே? தினம் எட்டு தடவை தூக்குறவ கைக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனா உன் தையல் சரியில்லைன்னு சொல்லிட்டிருந்தேன் பாரு, அதையே நம்பி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேன். அதுக்குள்ள நோட்டை எடுத்துட்டே."

கோபமாகச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் நன்றாகத் தைத்திருக்கிறேன் என்று நிரூபிப்பதற்காக அவரிடமிருந்து அந்தக் கொஞ்ச நாளைப் பிடுங்கியிருக்கிறேன். இதை யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில், சீனுவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் போனபோது ஆம்புலன்ஸ் திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரிலிருந்து அவனுடைய கட்டிலிலேயே கிடத்தியிருந்தார்கள். கழுத்து வரை வெள்ளைப் போர்வை. முகம் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. குளிப்பாட்டுவதற்காகக் கூடத்தில் பெஞ்சு போட்டாகிவிட்டது. கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்கு நிற்கவே தெம்பில்லை. அவருடைய தம்பி, "நாலு பேர் வாங்கப்பா, தலைப்பக்கம் ரெண்டு பேர், கால்பக்கம் ரெண்டு பேர் பிடிங்க" என்று ஆட்களைக் கூப்பிட்டார்.

"யாரும் தொடாதீங்க."

அவர்தான். அதுவரை அறை மூலையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். "அவனை எப்படித் தூக்கணும்னு உங்க யாருக்கும் தெரியாது. தலை துவண்டுடும். தள்ளுங்க."

"அண்ணி, வேணாம் அண்ணி..." என்றார் கொழுந்தனார். அவர் காதில் வாங்கவில்லை. புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். கால்களை அகட்டினார். முழங்காலை மடக்கி, முதுகுக்கு அடியில் ஒரு கை, தொடைக்கு அடியில் ஒரு கை கொடுத்தார். கண்ணை அவன் முகத்தில் நிறுத்தினார். மூச்சை இழுத்துப் பூட்டினார், முழு மூச்சு. நான் பின்னால் நின்றிருந்தேன்.

தூக்கினார். தூக்கிய வேகத்தில் சீனு சட்டென்று மேலே வந்துவிட்டான். அவர் நிலை தடுமாறி இரண்டடி பின்னால் வந்து என் மேல் மோதினார். நான் இரண்டு கையாலும் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தேன். அவன் கையில் இருக்க, பூட்டிய மூச்சு அப்படியே உள்ளே நிற்க, என்ன நடந்தது என்று புரியாதவர் மாதிரி அவனையே பார்த்தார். அப்புறம்தான் மூச்சு வெளியே வந்தது.

"ஏம்மா," என்றார் என்னிடம், திரும்பாமலே. "ஒண்ணுமே இல்லையேம்மா. என் புள்ளைகிட்ட ஒண்ணுமே இல்லையே."

கொழுந்தனார் வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. மறுபடியும் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மூச்சைப் பிடித்து, அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, ஐம்பத்தொரு கிலோவைத் தூக்கிக்கொண்டு போகிறவராகவே, ஒவ்வோர் அடியாக ஊன்றி ஊன்றிக் கூடத்துக்கு நடந்தார்.